லண்டனில் விமானம் மாறினால் பிரித்தானிய வரி கட்ட வேண்டுமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நாலு பக்கத்தில் எழுதியிருக்கிறார். பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். செப்டெம்பரில் முதல் பிள்ளை பிறக்க இருக்கிறது. வாசகியும் ஓய்வுபெற்ற கணவரும் ஓகஸ்டில் போய் ஜனவரியில் திரும்பத் திட்டம். கனடா விசா கிடைத்துவிட்டது. வழியில் லண்டனில் மூன்று நாள் தங்கி, இதய சத்திரசிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கும் அண்ணாவையும் பார்க்க வேண்டும். திரும்பும்போது ஹீத்ரோவில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்து நேரே கொழும்புக்கு ஏறிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

கொழும்பு–லண்டன் போய்வரும் டிக்கட்டைத் திருகோணமலையில் உள்ள ஒரு ஏஜென்சியில் கேட்டிருக்கிறார்கள். லண்டன்–ரொறன்ரோ போய்வரும் டிக்கட்டை வேறொரு விமான நிறுவனத்தில் அண்ணாவின் மகன் இணையத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏஜென்சி கொடுத்த விலைச் சீட்டில் ‘லண்டன் டாக்ஸ்’ என்று ஆளுக்கு 102 பவுண் கணக்கில், இருவருக்கும் 204 பவுணுக்குரிய ரூபாய் தனியாகப் போட்டிருக்கிறது. அங்கேதான் வீட்டில் தகராறு தொடங்கியிருக்கிறது. “24 மணித்தியாலத்துக்குள் விமானம் மாறினால் அந்த வரி இல்லை, ஏஜென்சி ஏமாற்றுகிறது” என்கிறார் அண்ணா மகன். “நாங்கள் இலங்கைப் பிரஜைகள், பிரித்தானியாவுக்கு ஏன் வரி?” என்கிறார் கணவர். “கட்டிவிட்டு ஹீத்ரோவில் திருப்பி எடுக்கலாம்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாவற்றையும் ஒரே டிக்கட்டாகப் போட்டால் வரி குறையும் என்று ஏஜென்சியில் இருக்கும் தம்பி சொல்கிறார், ஆனால் அவர் சொல்லும் விலை ஆளுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் கூட. “யார் சொல்வது சரி, நாங்கள் என்ன செய்வது?” என்பது கேள்வி.

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சித் தம்பி உங்களை ஏமாற்றவில்லை. அண்ணா மகன் சொல்வதும் முழுப் பிழை இல்லை, பாதி விதியைச் சரியாகச் சொல்கிறார். மற்றப் பாதியில்தான் உங்கள் 204 பவுண் இருக்கிறது.

இது ‘எயார் பசஞ்சர் டியூட்டி’ என்ற வரி. 1994 நவம்பர் முதல் பிரித்தானியாவில் இருக்கிறது. பிரித்தானிய விமான நிலையம் ஒன்றிலிருந்து புறப்படும் பயணிக்கு மட்டும்தான் இந்த வரி, அங்கே வந்து இறங்குவதற்கு இல்லை. ஆகவே கொழும்பிலிருந்து நீங்கள் ஹீத்ரோவில் இறங்கும்போது இந்த வரி கிடையாது. லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறும்போது ஒருமுறை, லண்டனிலிருந்து கொழும்புக்கு ஏறும்போது இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில்தான் பேச்சு வருகிறது. ஏஜென்சி போட்டிருப்பது இரண்டாவது. முதலாவது எங்கே என்று கேட்கிறீர்களா? அது அண்ணா மகன் பார்த்து வைத்திருக்கும் டிக்கட்டின் விலைக்குள்ளேயே இருக்கிறது. இணையத்தில் வரியெல்லாம் சேர்ந்த மொத்த விலைதான் பெரிய எழுத்தில் தெரியும், அதனால் அவர் கண்ணில் படவில்லை. விலை விவரத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இருக்கும்.

எவ்வளவு என்பது தூரத்தையும் வகுப்பையும் பொறுத்தது. லண்டனிலிருந்து போகிற நாட்டின் தலைநகர் வரை 2,001 முதல் 5,500 மைல் வரை உள்ள நாடுகள் ஒரே பிரிவு. கனடாவும் இலங்கையும் இரண்டும் அதற்குள் வருகின்றன. இந்தப் பிரிவுக்கு 2026 ஏப்ரல் 1 முதல் எக்கொனமி வகுப்பில் ஆளுக்கு 102 பவுண். அதற்கு முன் 90 ஆக இருந்தது. அண்ணா மகனுக்கு 90 என்று ஞாபகம் இருந்தால் அதுதான் காரணம். நீங்கள் பறக்கும் நாளில் உள்ள வீதமே செல்லும். கணவரின் முழங்கால் வலிக்காகப் பிரீமியம் எக்கொனமி எடுக்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விமானத்தில் உள்ள மிகக் குறைந்த வகுப்பைத் தவிர மற்ற வகுப்புகளுக்கு 244 பவுண். இருக்கைக்கான மேலதிகக் காசோடு இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

‘24 மணித்தியாலம்’ என்ற பாதி விதி

விமானம் மாறிப் போகிறவரிடம் இந்த வரி வாங்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டிலேயே தனி ஒழுங்குவிதி வந்துவிட்டது. அதற்கு இரண்டு நிபந்தனைகள், இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து வெளிநாட்டுக்கே போகிறவருக்கு, அடுத்த விமானம் புறப்படும் நேரம் முதல் விமானம் இறங்கும் நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. இரண்டு பறப்பும் ஒரே டிக்கட்டில், அல்லது ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டியவை என்று குறிப்பிடப்பட்ட இணைந்த டிக்கட்டுகளில் இருக்க வேண்டும் என்பது மற்றது.

நேரக் கணக்கு அட்டவணையில் உள்ள நேரத்தை வைத்துத்தான். விமானம் தாமதித்து 24 தாண்டிவிட்டால் வரி விழுமோ என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் திரும்பும் பயணத்தில் ஐந்து மணித்தியாலம்தான் இடைவெளி, முதல் நிபந்தனை சரி. ஆனால் ரொறன்ரோ–லண்டன் ஒரு டிக்கட், லண்டன்–கொழும்பு தனியாக இன்னொன்று. சட்டத்தின் கண்ணில் நீங்கள் லண்டனில் ஒரு பயணத்தை முடித்துவிட்டுப் புதிதாக ஒரு பயணத்தைத் தொடங்குகிறீர்கள். போர்டிங் பாஸ் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ‘நான் வெறும் ட்ரான்சிட்’ என்று சொன்னாலும் வரி வரிதான்.

விமான நிறுவனங்கள் வேறு வேறாக இருப்பது பிரச்சினையே இல்லை. இதைப் பலர் மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் வந்து இன்னொன்றில் ஏறினாலும் டிக்கட் ஒன்றாக இருந்தால் வரி இல்லை. ஒரே நிறுவனத்திலேயே இரண்டு தனி டிக்கட் எடுத்தால் வரி உண்டு. இரண்டு நிறுவனங்களை ஒரே டிக்கட்டில் போட அவற்றுக்கிடையே உடன்பாடு இருக்க வேண்டும், அது ஏஜென்சியின் கணினியில் தெரிந்துவிடும். மலிவு விமான சேவைகளுக்குப் பெரும்பாலும் அப்படி உடன்பாடு கிடையாது.

ஒரே டிக்கட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே தடவையில் காசு கட்டினால் ஒரே டிக்கட் என்று நினைக்காதீர்கள். சில இணையதளங்கள் இரண்டு நிறுவனங்களின் தனி டிக்கட்டுகளை ஒட்டி ஒரே பில்லில் விற்கின்றன. ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு ஒன்றாக இருப்பதும் போதாது, ஒரே குறியீட்டுக்குள் இரண்டு டிக்கட் அடிக்கலாம். பார்க்க வேண்டியது 13 இலக்க டிக்கட் இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும். சிறிலங்கன் எயார்லைன்ஸ் என்றால் 603. ஒரு இலக்கத்துக்குள் நாலு பறப்பு வரை அடங்கும். கொழும்பு–லண்டன், லண்டன்–ரொறன்ரோ, ரொறன்ரோ–லண்டன், லண்டன்–கொழும்பு: உங்களுடையது சரியாக நாலு. ஆளுக்கு ஒரு இலக்கம்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது பறப்பு ஒன்று இருந்தால் அடுத்த வரிசை இலக்கத்தில் இணைந்த டிக்கட் ஒன்று கூட வரும், அதுவும் செல்லும். ஆனால் லண்டனில் அண்ணா மகன் எடுத்ததையும் திருகோணமலையில் ஏஜென்சி அடித்ததையும் பிறகு யாரும் சேர்த்துக் கட்ட முடியாது.

அடுத்து, வரிகள் அச்சாகும் பகுதி. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். ‘ஜீ-பீ’ என்றிருந்தால் அதுதான் நாங்கள் பேசுகிற வரி. ‘யூ-பீ’ என்பது வேறு, அது விமான நிலையத்தின் பயணிகள் சேவைக் கட்டணம். விமானம் மாறிப் போகிறவருக்கும் அது வரலாம், அதைப் பார்த்துவிட்டு ஏஜென்சியோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஏஜென்சித் தம்பி போட்ட ‘லண்டன் டாக்ஸ்’ தொகை டிக்கட்டில் ‘ஜீ-பீ’க்கு நேரே அதே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூட வாங்கியிருந்தால் மிச்சத்தைக் கேளுங்கள்.

பிரஜை, ஹீத்ரோ, திருப்பி எடுப்பது

கணவரிடம் சொல்லுங்கள்: இந்த வரி கடவுச்சீட்டின் நிறம் பார்ப்பதில்லை. பிரித்தானியரும் கட்டுகிறார், நாமும் கட்டுகிறோம். நாம் கட்டுநாயக்காவில் ஏறும்போது இலங்கை அரசு வாங்கும் விமானம் ஏறும் வரியும் இதுபோல டிக்கட்டுக்குள்தான் இருக்கிறது, அதையும் நாங்கள் கவனிப்பதில்லை.

அரசுக்கு இந்த வரியைச் செலுத்த வேண்டியவர் சட்டப்படி விமான நிறுவனம். அது உங்களிடம் டிக்கட் விலையோடு வாங்கிக்கொள்கிறது. அதனால் ஹீத்ரோவில் இதைக் கட்டும் கவுண்டரும் இல்லை, திருப்பி எடுக்கும் கவுண்டரும் இல்லை. விமான நிலையத்தில் யாராவது ‘லண்டன் டாக்ஸ்’ என்று கையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னொரு காலத்தில் கடைப் பொருட்களுக்கான வரியைத் திருப்பி எடுத்ததை இதோடு குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் திருப்பிக் கேட்கலாம். டிக்கட் எடுத்தும் நீங்கள் பறக்கவே இல்லையென்றால், அந்த நிறுவனம் உங்களுக்காக அரசுக்கு வரி கட்டத் தேவையில்லை. டிக்கட் காசு திரும்பாத வகையாக இருந்தாலும் வரியை மட்டும் எழுதிக் கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் அதற்கும் ஒரு நிர்வாகக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனி உங்கள் திட்டத்தைப் பார்ப்போம். போகும்போது மூன்று நாள் தங்குகிறீர்கள். 24 மணித்தியாலம் தாண்டியதால், ஒரே டிக்கட்டாக இருந்தாலும் லண்டன்–ரொறன்ரோ பறப்புக்கு 102 பவுண் விழும். அதிலிருந்து தப்ப வழியில்லை, தப்பவும் வேண்டாம், அண்ணாவைப் பார்க்கத்தானே போகிறீர்கள். திரும்பும் பறப்பில்தான் வித்தியாசம். ஒரே டிக்கட் என்றால் அங்கே வரி இல்லை. இருவருக்கும் மொத்தம் 204 பவுண். தனித்தனி டிக்கட் என்றால் 408.

அப்படியானால் ஒரே டிக்கட்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் நீங்கள் எழுதிய விலைகளின்படி, வரி கூடியும் தனி டிக்கட்டுகளே மொத்தத்தில் மலிவு. வரி என்பது விலையின் ஒரு பங்குதான். இரண்டு பக்கமும் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஏஜென்சி சொன்ன அந்தக் கூடுதல் 30,000, லண்டனில் மூன்று நாள் தரித்துப் போகும் டிக்கட்டுக்கா, நேரே மாறிப் போகும் டிக்கட்டுக்கா என்று கடிதத்தில் இல்லை. நேரே போவதற்கென்றால் தரிப்புக்கு இந்த வரியும் கூடும், டிக்கட் விதி தரிப்பை அனுமதிக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு இதில் வரியைவிடக் கவலை தருவது ஜனவரி மாதத்து அந்த ஐந்து மணித்தியாலம். ரொறன்ரோவில் பனி கொட்டும் காலம். விமானம் தாமதித்து கொழும்பு விமானம் தவறினால், தனி டிக்கட்டில் வந்த உங்களை அந்த இரண்டாவது நிறுவனம் ‘வராத பயணி’ என்று எழுதிவிட்டுப் போகும். வேறு விமானத்தில் ஏற்றும் கடமை அதற்கு இல்லை, புது டிக்கட் உங்கள் செலவு. ஒரே டிக்கட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் பார்த்துத் தருவது அவர்கள் பொறுப்பு. பொதியும் அப்படித்தான். தனி டிக்கட்டில் ஹீத்ரோவில் குடிவரவு கடந்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, தேவைப்பட்டால் டெர்மினல் மாறி, திரும்பவும் வரிசையில் நின்று போட வேண்டும். முழங்கால் நோவோடு உங்கள் கணவர் நாலு பெட்டி தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். பொதி நிறை அளவும் இரு நிறுவனத்துக்கும் ஒன்றாக இருக்காது.

இதற்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, போகும்போது மூன்று நாள் தரிப்போடு, திரும்பும்போது நேரே மாறும்படி எல்லாவற்றையும் ஒரே டிக்கட்டில் ஏஜென்சியிடமே எடுப்பது. மற்றது, அண்ணா மகனின் திட்டத்தையே வைத்துக்கொண்டு, ஜனவரியிலும் லண்டனில் இரண்டு இரவு தங்குவது. தனி டிக்கட் என்பதால் அந்த வரியை எப்படியும் கட்டப்போகிறீர்கள், தங்கினாலும் அதே 102, ஓடினாலும் அதே 102. தங்கினால் விமானம் தவறும் பயமும் இல்லை, அண்ணாவை இன்னொரு தடவையும் பார்க்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அண்ணா வீட்டில் இடமும் ஆள் துணையும் இருக்க வேண்டும், அது உங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணா மகனின் டிக்கட்டில் ஒரு பொறி உண்டு. லண்டனிலிருந்து போகும் பறப்பைத் தவறவிட்டால், ரொறன்ரோவிலிருந்து திரும்பும் பறப்பையும் நிறுவனம் தானாக ரத்து செய்துவிடுவது வழக்கம். பயணத்தில் ஏதாவது மாற்றம் வந்தால் புறப்படும் நேரத்துக்கு முன்பே அவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

விசாவை மறந்துவிடாதீர்கள்

கடிதம் முழுக்க வரி பற்றியே இருந்தது, பிரித்தானிய விசா பற்றி ஒரு சொல்லும் இல்லை. லண்டனில் மூன்று நாள் தங்க உங்களுக்கு விசிட்டர் விசா வேண்டும். ஆளுக்கு அந்த விசாக் கட்டணமே இந்த வரியைவிட அதிகம். பொதுவாக ஆறு மாதத்துக்குத் தருவார்கள். ஓகஸ்டில் தொடங்கினால் ஜனவரியில் தங்குவதற்கும் அதுவே போதும், செல்லுபடியாகும் கடைசித் திகதியைப் பார்த்துக்கொண்டு திரும்பும் டிக்கட்டைப் போடுங்கள். விசா கையில் வராமல் காசு திரும்பாத டிக்கட் எதையும் எடுக்க வேண்டாம் என்று அண்ணா மகனிடமும் சொல்லிவையுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது? இலங்கையருக்கு ஹீத்ரோவில் விமானம் மாறவே ட்ரான்சிட் விசா வேண்டும் என்பது பொது விதி. ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா ஒட்டிய கடவுச்சீட்டோடு கனடாவுக்குப் போகிறவருக்கு விலக்கு உண்டு. திரும்பும்போதும், கனடாவுக்குள் கடைசியாக நுழைந்து ஆறு மாதம் ஆகாதிருந்தால் அந்த விலக்குப் பொருந்தும். வந்து இறங்கிய மறுநாள் நள்ளிரவுக்கு முன் புறப்பட்டுவிட வேண்டும். ‘அப்படியானால் 22 மணித்தியால இடைவெளி வைத்து, விசாவும் வரியும் இல்லாமல் அண்ணா வீட்டுக்கு ஓடிப்போய் வரலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரே டிக்கட் என்றால் வரிக் கணக்கில் அது சரி. விசாக் கணக்கில் அது குடிவரவு அதிகாரியின் விருப்பத்தில் தொங்கும் காரியம், விமானம் மாறுவதற்கான சலுகை அது, சொந்தக்காரரைப் பார்ப்பதற்கு அல்ல. அதை நம்பி இந்த வயதில் வரிசையில் நிற்க நான் சொல்ல மாட்டேன். இந்த விதிகள் மாறக்கூடியவை, பயணத்துக்கு முன் பிரித்தானிய அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைக்காவிட்டால் லண்டனை விட்டுவிட்டு டுபாய் அல்லது அபுதாபி வழியாக ஒரே டிக்கட்டில் ரொறன்ரோ போய்விடுங்கள். இந்த வரியும் இல்லை, பிரித்தானிய ட்ரான்சிட் கேள்வியும் இல்லை.

மகளுக்குப் பத்தியச் சரக்கு கொண்டுபோவதாக எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் பெட்டியை வெளியே எடுப்பதால் அது பிரித்தானிய சுங்கத்தையும் தாண்ட வேண்டும். இலங்கையிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது, ஆகவே நெய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு வகைகளை அரைத்து, பெயர் எழுதி, தனிப் பையில் போடுங்கள். கனடாவுக்கு அதன் சொந்த விதிகள் உண்டு, மகளை அங்கே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளையோடு மகள் பிறகு லண்டன் வழியாக ஊருக்கு வந்தால் வரி எப்படி என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். எக்கொனமியில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லை. மகளுக்கும் மருமகனுக்கும் மேலே சொன்ன அதே கணக்குத்தான்.